டியூபில் எழுதாத வாட்டுகள்

நாற்பது வாட் டியூப்லைட் எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். குழலின் ஓரத்திலேயே 40 வாட் என்று அச்சடித்திருக்கிறதே! ஆனால் மீட்டர் அந்த எழுத்தைப் படிப்பதில்லை. பழைய இரும்பு சோக் போட்ட செட் என்றால் கணக்கில் ஏறுவது 50 முதல் 55 வாட். உபரியாக ஏறிய பத்துப் பதினைந்து வாட்டைத் தின்றது, தகட்டுப் பெட்டிக்குள் ஒளிந்திருந்த சோக். வெளிச்சத்தில் அதற்குப் பங்கில்லை. சூடாகும், லேசாக முனகும், பில்லில் மட்டும் தன் பங்கைத் தவறாமல் எழுதிவிடும்.

இவ்வளவு செலவு வைக்கும் பொருளை எதற்கு மாட்டினார்கள்? குண்டு பல்பின் இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும். அதனால் அது தன்னைத் தானே அளவில் வைத்துக்கொள்ளும். டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவிக்கு அந்த அடக்கம் கிடையாது. மின்னோட்டம் கூடினால் தடை குறையும், தடை குறைந்தால் மின்னோட்டம் இன்னும் கூடும். நேராக 230 வோல்ட்டில் கோத்தால், ஒன்று ஃபியூஸ் போகும், அல்லது டியூப் போகும். முரட்டுக் காளைக்கு மூக்கணாங்கயிறு போல இதற்கு ஒரு கட்டு வேண்டியிருந்தது.

வெறும் மின்தடையைக் கட்டாகப் போட்டிருக்கலாம். 40 வாட் டியூப் எரியும்போது அதன் இரு முனைக்கும் இடையே சுமார் 103 வோல்ட் நிற்கும், 0.43 ஆம்பியர் ஓடும். மீதி 127 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்கினால் அதிலேயே 55 வாட் வெந்து வீணாகும். விளக்கைவிட அதன் கட்டு அதிகம் தின்றிருக்கும். அந்தச் செலவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்ததுதான் சோக். பின்னாளில் வீண்செலவுக்காரன் என்று பெயர் வாங்கிய பொருள், சிக்கனத்துக்காகவே பிறந்தது.

பாதரச ஆவி விளக்கை 1901இல் அமெரிக்காவின் பீட்டர் கூப்பர் ஹியூவிட் கொண்டுவந்தபோதே அதோடு ஒரு கட்டும் வந்துவிட்டது. நீலமும் பச்சையும் கலந்த அந்த வெளிச்சத்தில் மனித முகம் பிணம் மாதிரி தெரிந்ததால் விளக்கு வீட்டுக்குள் நுழையவில்லை. குழலின் உட்புறம் ஒளிரும் பொடியைப் பூசி, வெள்ளை வெளிச்சம் தரும் டியூபை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜார்ஜ் இன்மன் குழுவினர் உருவாக்கினார்கள். 1938இல் அது விற்பனைக்கு வந்தது. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஊரே பார்த்தது.

அமெரிக்க சோக்கும் நம் ஊர் சோக்கும் ஒரே ஜாதி அல்ல. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நான்கடி டியூபுக்கே நூறு வோல்ட் வேண்டும் என்னும்போது, முதலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, பிறகு மின்னோட்டத்தைக் கட்ட வேண்டும். ஆகவே அங்கே டிரான்ஸ்ஃபார்மரும் சோக்கும் சேர்ந்த கனத்த பெட்டி. இரண்டு 40 வாட் டியூபுக்கு ஒரு பெட்டி, மொத்தம் சுமார் 96 வாட். நமக்கு 230 வோல்ட் என்பதால் ஒற்றைக் கம்பிச்சுருளே போதும். இரண்டு கால் மட்டும் உள்ள எளிய சோக், எந்த வயர்மேனும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடிய சரக்காக ஊரெங்கும் பரவியது இதனால்தான்.

அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் உடம்பு தெரியும். சிலிக்கன் சேர்ந்த மெல்லிய இரும்புத் தகடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியவை. நடுவே பிளாஸ்டிக் பாபினில் எனாமல் பூசிய கம்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று. இரும்பின் இரண்டு பாகங்களும் ஒட்டாமல் நடுவில் ஒரு அட்டைத்துண்டு. பார்ப்பதற்கு அலட்சியமாகச் செருகியது போலிருக்கும். உண்மையில் அந்த இடைவெளிதான் சோக்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் கூடினால் டியூபுக்கு மின்னோட்டம் அதிகமாகி ஆயுள் குறையும், கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் மங்கும். எல்லாம் சரியானபின் வார்னிஷில் முக்கி, அடுப்பில் உலர்த்துவார்கள். வார்னிஷ் சரியாக இறங்காத சோக்கில் தகடுகள் நொடிக்கு நூறு தடவை அதிரும். ராத்திரியில் தூக்கம் கெடுக்கும் அந்த ரீங்காரம் அங்கிருந்துதான் வருகிறது.

அதன் தீனியும் இந்த உடம்பிலேயே இருக்கிறது. கம்பிச்சுருளுக்கு 40 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 0.43 ஆம்பியர் ஓடும்போது கம்பியில் மட்டும் 7.4 வாட் சூடாகப் போகும். நொடிக்கு நூறு தடவை காந்தம் திசை மாறுவதால் இரும்பும் தன் பங்குக்குச் சூடாகும். கம்பியைத் தடியாக்கினால், நல்ல தகடு போட்டால், இந்த இழப்பு ஐந்தாறு வாட்டுக்கு இறங்கும். அதற்குச் செம்பும் இரும்பும் கூடுதலாக வேண்டும், விலையும் ஏறும். மலிவு சோக் வாங்கியவர் கடையில் மிச்சம் பிடித்த ரூபாயைப் பில்லுக்குப் பில் தவணையில் ஈ.பி.க்குக் கட்டினார்.

இந்த சோக்கிடம் ஒரு விசித்திரக் கணக்கும் உண்டு. எரிகிற செட்டில் டியூபின் குறுக்கே அளந்தால் 103 வோல்ட், சோக்கின் குறுக்கே அளந்தால் சுமார் 205 வோல்ட். கூட்டினால் 308. ஆனால் சுவரிலிருந்து வருவது 230 மட்டுமே! இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் என்பதுதான் விடை. இதே காரணத்தால் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் ஏறக்குறைய பாதி வேலை செய்யாமல் போய்த் திரும்பும். பவர் ஃபேக்டர் 0.5 என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். வீட்டு மீட்டர் வாட்டை மட்டும் எண்ணுவதால் வீட்டுக்காரர் பையில் கை வைக்காது. ஆனால் வெட்டியாக அலையும் அந்த மின்னோட்டத்தையும் ஈ.பி.யின் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சுமந்தாக வேண்டும். சுமார் 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் செட்டின் குறுக்கே போட்டால் சரியாகிவிடும். அபராதத்துக்குப் பயந்து ஆலைகள் போட்டன. வீடுகளில் யார் போடுவார்கள்?

ஏற்றி வைக்கும் வேலையும் சோக்குக்குத்தான். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு மினுக்கும், அதன் சூட்டில் ஈருலோகத் தகடு வளைந்து தொடும், டியூபின் இரு முனை இழைகளும் சிவக்கும். தகடு ஆறி விலகும் அந்தக் கணத்தில், ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் அறுந்த கோபத்தில் சோக் பல நூறு வோல்ட்டை உதறி எறியும். டியூப் பற்றிக்கொள்ளும். ஒரு தடவையில் பற்றாவிட்டால் மறுபடி, மறுபடி. எரிய ஆரம்பித்த பிறகு ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றினாலும் டியூப் அணையாது. பக்கத்து அறையின் டியூபை ஏற்ற அதே ஸ்டார்ட்டரைக் கொண்டுபோன வீடுகள் உண்டு.

சோக் பழுதா என்று பார்க்க வயர்மேன்கள் வைத்திருந்த முறை அழகானது. ஒரு குண்டு பல்போடு சோக்கைத் தொடராகக் கோப்பார்கள். பல்பு மங்கலாக எரிந்தால் சோக் உயிரோடு இருக்கிறது. பளீரென்று எரிந்தால் உள்ளே சுற்று ஒட்டிவிட்டது. எரியவே இல்லையென்றால் கம்பி அறுந்துவிட்டது. எந்தக் கருவியும் தேவையில்லை. பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். சோக்கின் மேல் டி.டபிள்யூ. 130 என்று போட்டிருந்தால், சுருள் 130 டிகிரி சூட்டில் விடாமல் எரிந்தாலும் பத்து வருடம் தாங்கும் என்று பொருள். வீட்டில் மாலை மட்டும் எரியும் சோக் அந்தச் சூட்டையும் எட்டாது, அத்தனை மணி நேரமும் எரியாது. அப்பா மாட்டியதை மகன் கழற்றுவது சாதாரணம்.

அதன் குறைகள் வேறிடத்தில் இருந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பட்டறையில் சுழலும் லேத் சக், சில வேகங்களில் நின்றுவிட்டது போலத் தெரியும். கை வைத்தால் கை போகும். அதனால்தான் பட்டறைகளில் அடுத்தடுத்த டியூப்களை வெவ்வேறு ஃபேஸில் கோத்தார்கள். இங்கிலாந்தில் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் துடிப்பு இல்லாத விளக்கின் கீழ் வேலை செய்த அலுவலகத்தில் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன.

துடிப்பை ஒழிக்க வழி வெகு காலமாகவே தெரியும். மின்சாரம் திசை மாறும் வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகம் கூடினால் இன்னொரு லாபமும் உண்டு. 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச் சுற்றின் முடிவிலும் வாயு கொஞ்சம் அணைந்து, மறுபடி பற்ற வேண்டியிருக்கிறது. நொடிக்கு இருபதாயிரத்துக்கு மேல் போனால் அணைய நேரமே கிடைக்காது. அதே வெளிச்சத்தைப் பத்து சதவீதம் குறைந்த மின்சாரத்தில் டியூப் தந்துவிடும். விஷயம் தெரிந்திருந்தும், அந்த வேகத்தில் மின்சாரத்தைத் திறந்து மூடும் மலிவான டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை.

கிடைத்த நேரத்தில் தேவையும் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. அமெரிக்க அரசின் பணத்தில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சாம் பெர்மன் தலைமையில் 1970களின் பிற்பகுதியில், இப்படி வேகத்தைக் கூட்டும் எலக்ட்ரானிக் சோக்குக்கான திட்டம் தொடங்கியது. சிறிய நிறுவனங்களிடம் மாதிரிகள் செய்யச் சொல்லி, சான் ஃபிரான்சிஸ்கோவில் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அலுவலகத்தில் மாட்டிப் பார்த்தார்கள். இருபது முதல் இருபத்தைந்து சதவீதம் மிச்சம் என்று கணக்கு வந்தது.

எலக்ட்ரானிக் சோக்கின் மூடியைத் திறந்தால் இரும்பு இல்லை. நான்கு டயோடு, ஒரு பெரிய கண்டென்சர், இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன வளையம். கூடவே நகத்தளவைவிடக் கொஞ்சம் பெரிய ஃபெரைட் சுருள் ஒன்று இருக்கும். அதுதான் சோக்! எலக்ட்ரானிக் சோக்குக்குள்ளும் ஒரு சோக் உட்கார்ந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் டியூபைக் கட்ட 1.24 ஹென்றி அளவுள்ள சுருள் தேவைப்பட்டது. அதே கட்டு 40,000 ஹெர்ட்ஸில் 1.55 மில்லிஹென்றியில் கிடைத்துவிடும். வேகம் எண்ணூறு மடங்கு கூடியது, சுருள் எண்ணூறில் ஒரு பங்கானது. கம்பியும் இரும்பும் குறைந்ததால் அவை தின்ற வாட்டும் குறைந்தது.

தமிழ்நாட்டில் இது 1990களில் கடைக்கு வந்தது. ஆனால் பலர் வாங்கியது வாட் கணக்கைப் பார்த்து அல்ல, லோ வோல்டேஜைப் பார்த்து. கிராமத்தில் சாயங்காலம் பம்ப்செட்டுகள் ஓட ஆரம்பித்ததும் 230 வோல்ட் 170க்கு இறங்கும். சாதா சோக் போட்ட டியூப் இருமிக்கொண்டே கிடக்கும், பற்றாது. எலக்ட்ரானிக் சோக் சுவிட்ச் போட்டதும் ஏற்றிவிடும். ஸ்டார்ட்டரும் வேண்டாம். பின்னால் மின்வெட்டு வந்து வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியபோது இன்னொரு காரணமும் சேர்ந்தது, பேட்டரி கொஞ்சம் கூடுதல் நேரம் வரும். சாதா சோக்குக்குக் காப்பர் என்று பெயர் விழுந்தது, கடைக்காரர் கேட்கும் கேள்வியே மாறியது. “காப்பரா, எலக்ட்ரானிக்காண்ணே?”

உண்மையில் மிச்சம் எவ்வளவு? மொத்தமாக ஒரு சதவீதம் சொல்வதைவிடப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மிச்சம் மூன்று இடத்திலிருந்து வரும். பழைய 40 வாட்டுக்குப் பின்னால் வந்த 36 வாட் ஸ்லிம் டியூபை எடுத்துக்கொள்வோம். சாதா சோக்கில் டியூப் 36, சோக் 10, ஆக 46 வாட். எலக்ட்ரானிக் சோக்கில் அதே வெளிச்சத்துக்கு டியூப் 32, சோக் 4, ஆக 36 வாட். மிச்சமான பத்து வாட்டில் ஆறு, கம்பியும் இரும்பும் சூடாகாமல் போனதால் வந்தது. நான்கு, டியூபே சிக்கனமாக எரிவதால் வந்தது. இவை இரண்டும் நியாயமான மிச்சம்.

மூன்றாவது இடம்தான் வில்லங்கம். டியூபுக்குப் போகும் மின்சாரத்தையே குறைத்துவிட்டாலும் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். 28 வாட்தான் இழுக்கிறது என்று அட்டையில் போட்டு விற்ற மலிவு எலக்ட்ரானிக் சோக் டியூபை 25 வாட்டில் எரித்திருக்கும். வெளிச்சம் கால் பங்கு போயிருக்கும். கண் அதற்குப் பழகிவிடும், எனவே புகார் வராது. அது மின்சாரத்தை மிச்சம் பிடித்ததாகாது, வெளிச்சத்தைக் குறைத்து விற்றது. இரண்டு சோக்கை ஒப்பிட வேண்டுமானால் வாட் மீட்டர் மட்டும் போதாது, பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரும் இருக்க வேண்டும். அதேபோல எதிர்த் தரப்பில் எந்த சாதா சோக் நிற்கிறது என்பதும் முக்கியம். மட்டமான இரும்பு சோக்கோடு மோதவிட்டால் எலக்ட்ரானிக் ஹீரோ. நல்ல செம்பு போட்ட, இழப்பு குறைந்த சோக்கோடு மோதவிட்டால் வித்தியாசம் ஐந்து வாட்தான்.

இந்த வித்தியாசங்களை ஐரோப்பா எழுத்து போட்டு வகைப்படுத்தியது. 36 வாட் டியூபும் சோக்கும் சேர்ந்து 45 வாட்டுக்கு மேல் இழுத்தால் டி வகுப்பு, 45க்குள் சி, 43க்குள் பி2, 41க்குள் பி1. எலக்ட்ரானிக் என்றால் 38க்குள் ஏ3, 36க்குள் ஏ2. டியூபையும் சோக்கையும் சேர்த்து எடை போட்டதில்தான் அதன் நேர்மை. 2002 மே மாதம் டி வகுப்பையும், 2005 நவம்பரில் சி வகுப்பையும் அங்கே சந்தையிலிருந்து நீக்கினார்கள். தடை விழுந்தது மட்டமான இரும்பு சோக்கின் மேல்தான், நல்ல இரும்பு சோக் அதற்குப் பிறகும் விற்றது. இந்தியாவில் 2006இல் எரிசக்தி திறன் பணியகம் நட்சத்திர முத்திரையைத் தொடங்கியபோது டியூப்லைட்டும் அதில் இருந்தது. ஆனால் அந்த நட்சத்திரம் டியூபுக்கானது. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் வெளிச்சம் என்று குழலை அளந்து கொடுத்தது. ஐந்து நட்சத்திர டியூபை வாங்கிக்கொண்டு போய்ப் பழைய சோக்கில் மாட்டினால், சோக் தன் பத்து வாட்டை வழக்கம்போல் தின்றது.

எலக்ட்ரானிக் சோக்குக்கும் பலவீனம் உண்டு. இடி இடித்தால், ஜெனரேட்டர் மாறினால், வோல்டேஜ் எகிறினால் முதல் பலி அதன் டிரான்சிஸ்டர். செட்டின் சூட்டில் கண்டென்சர் உலர்ந்து தலை உப்பும். மலிவுச் சரக்கில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் பகுதியே இருக்காது. அது இழுக்கும் மின்னோட்டம் கூர்கூராக வெட்டிய வடிவில் இருப்பதால், நூற்றுக்கணக்கில் மாட்டிய கட்டடங்களில் நியூட்ரல் கம்பி சூடாகும். இரும்பு சோக் வீட்டுக்காரர் பில்லில் ஏற்றியதை, இது சில இடங்களில் கட்டடத்து ஒயரிங்கில் ஏற்றியது.

குறுகிய ஆயுள் வாட் கணக்கையும் பாதிக்கும். பழைய 40 வாட் டியூபும் இரும்பு சோக்கும் 52 வாட், ஸ்லிம் டியூபும் எலக்ட்ரானிக்கும் 36 வாட் என்றால் வித்தியாசம் 16. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 29 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஒரு பில்லுக்கு ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே மழைக்காலத்தில் சோக் போய்விட்டால், அந்த மிச்சம் புது சோக்கின் விலைக்கே போய்விடும்.

கடைசியில் இரண்டு சோக்கையும் ஓரங்கட்டியது எல்.இ.டி. 20 வாட் எல்.இ.டி. டியூப் அதே நான்கடி ஹோல்டரில் உட்காரும். 2023 ஆகஸ்டோடு ஐரோப்பா குழல் விளக்கைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஜெனிவாவில் கூடிய பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பாதரசம் உள்ள நீள் குழல் விளக்குகளின் தயாரிப்பை 2027க்குள் முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. கழற்றிய இரும்பு சோக் காயலான் கடைக்குப் போகிறது. கடைக்காரர் உளியால் பிளந்து, கம்பியின் எனாமலைச் சுரண்டிப் பார்க்கிறார். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு விலை, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினிய விலை. காப்பர் சோக் என்ற பெயர் உண்மையா பொய்யா என்பது அங்கேதான் முடிவாகிறது. எலக்ட்ரானிக் சோக்குக்கு அந்த மரியாதையும் இல்லை, எடைக்குக்கூட ஆள் வராது.

இன்னும் இரும்பு சோக் எரியும் செட் இருப்பவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான்: எதை முதலில் மாற்றுவது? வாட் வித்தியாசம் எல்லாச் செட்டிலும் ஒன்று. அதை யூனிட்டாக மாற்றுவது மணி நேரம். 52 வாட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் மிச்சம் 32 வாட். இரவு முழுக்க, பன்னிரண்டு மணி நேரம் எரியும் அடுக்குமாடிப் படிக்கட்டில் அது வருடத்துக்கு 140 யூனிட். தினம் பத்து நிமிடம் போடும் ஸ்டோர் ரூமில் வருடத்துக்கு இரண்டே யூனிட். படிக்கட்டுச் செட்டை இந்த வாரமே மாற்றலாம். ஸ்டோர் ரூம் சோக் அதன் பாட்டுக்கு முனகிக்கொண்டு இன்னும் பத்து வருடம் இருந்தாலும் நஷ்டமில்லை.